சனிக்கிழமை பத்து மணி, திரைக்கு இந்தப் பக்கம்

குலசாமி மேல் ஆணையாகச் சொல்கிறேன் தம்பி, இப்போது நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு சொல் பொய் இருந்தாலும், தலைக்கு மேலே சுற்றுகிற இந்த ஃபேன் கழன்று என் மண்டையிலேயே விழட்டும்! சத்தமாகத்தான் சொல்கிறேன். அந்த வரவேற்பு மேசையில் இருக்கிற பெண்ணுக்கும் கேட்கட்டும். ஏன் அண்ணாந்து பார்க்கிறீர்கள்? விழாது. உண்மை பேசுகிறவன் மேல் எப்படி விழும்? இருந்தாலும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் தள்ளிக்கொள்கிறேன். போல்ட் பழசு.

நெட்டி முறிக்க வருவது முதல் தடவையா? முகமே சொல்கிறது. கழுத்தா, இடுப்பா? கழுத்து. கம்ப்யூட்டர் வேலை. ம். எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள்? பத்து மணி. சனிக்கிழமை பத்து மணி. நினைத்தேன்.

இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. பெற்ற பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரிந்த பிறகு வீட்டுக்கே போய்விடலாம் என்று தோன்றினால் அதுவும் தப்பில்லை. படி அந்தப் பக்கம். முதுகுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை மாடியில் வைத்து, லிஃப்ட் வைக்காமல் விட்டவனை என்ன சொல்வது?

என் பெயர் நாச்சிமுத்து. திருச்செங்கோடு. ரிக் வண்டி வைத்திருந்தவன். போர் போடுகிற லாரி தம்பி, ஆழ்துளைக் கிணறு. இருபத்திரண்டு வருடம் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் எல்லாம் துளைத்தவன். ராய்ப்பூர் பக்கம் ஓர் ஊரில் ஆயிரத்து நானூறு அடி இறக்கியும் தண்ணீர் வரவில்லை. குழாயில் காதை வைத்தால் கீழே யாரோ இங்கிலீஷில் பேசுகிறார்கள். மூடிவிட்டு வந்துவிட்டோம். அது வேறு கதை. அந்த அதிர்ச்சி எல்லாம், வண்டி அதிர்ச்சியைச் சொல்கிறேன், இறங்கி உட்கார்ந்த இடம் என் இடுப்பு.

இங்கே முதல் நாள் முறிக்கமாட்டார்கள். அதுதான் தந்திரம். முதல் நாள் கேள்வி. எங்கே வலி, எப்போதிருந்து வலி, மல்லாக்கப் படுப்பீர்களா, ஒருக்களித்தா, தலையணை எத்தனை. என் கல்யாணத்துக்குக்கூடப் பெண் வீட்டார் இவ்வளவு கேட்கவில்லை. பிறகு கோடு போட்ட ஒரு தட்டியின் முன்னால் நிறுத்தி முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று போட்டோ. ஸ்டேஷனில் திருடனை எடுப்பதுபோலவே. பிறகு எக்ஸ்ரே. விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார்கள். என் முதுகெலும்பா அது? எங்கள் ஊர் மலைப்பாதை. வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்க வேண்டும்.

அதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே முடிந்திருக்கும். இன்றைக்கு மேசை. குப்புறப் படுக்க வேண்டும். முகம் வைக்க ஒரு ஓட்டை, அதன்மேல் ஒரு தாள். பதினைந்து நிமிடம் உலகத்தில் உங்களுக்குத் தெரிவது தரையும் கால்களும்தான். டாக்டர் வருவார். ஜெபின் என்று பெயர், நாகர்கோவில் பையன், சிரித்த முகம். சிரிக்கிறவனைத்தான் தம்பி நம்பக்கூடாது. விரலால் ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டே வருவார். “மூச்ச இழுங்க அங்கிள்... விடுங்க...” விடுகிற மூச்சோடு ஓர் அழுத்து. டொக்!

கேட்டால் எலும்புச் சத்தம் இல்லை, மூட்டுக்குள்ளே இருக்கிற காற்றுக் குமிழி, சோடா பாட்டில் திறப்பதுபோல என்பார். வலி இருக்காது என்பார். இருக்காதுதான், அதைச் சொல்லவில்லை. எனக்கு முதல் டொக் விழுந்தபோது, கீழே பேக்கரியில் இரண்டு வருடமாக நின்றுபோயிருந்த கடிகாரம் ஓட ஆரம்பித்தது. போய்க் கேளுங்கள். பவானியிலிருந்து ஒருவர் வந்தார். நாலு தடவையில் ஒன்றரை அங்குலம் வளர்ந்துவிட்டார். வேட்டி கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது. வீட்டுக்காரம்மா ஆள் தெரியாமல் கதவைத் திறக்கவில்லை. ஆதார் கார்டைக் காட்டித்தான் உள்ளே போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். இரண்டு நாள். தண்ணீர் நிறையக் குடி, நட, குனிந்து எதையும் தூக்காதே என்பார்கள். பூனை மாதிரி முதுகை வளைக்க ஒரு பயிற்சி சொல்லித்தருவார்கள். எழுபத்துநாலு வயதில் நான் வீட்டுக் கூடத்தில் பூனையாக நிற்கிறேன், பால்காரன் பார்த்துவிட்டுப் போகிறான்.

இருங்கள், ஒரு நிமிடம். “மோகனப்பிரியா, நீ எதுக்கு கண்ணு அந்தக் கேனத் தூக்கற? தள்ளு.”

...ஆச்சு. இருபது லிட்டர் கேன். அந்தப் பெண்ணால் முடியாது, ஒல்லி. எங்கே விட்டேன்? ஆ, இடுப்பு. தாங்க முடியாத வலி தம்பி. கேனைத் தூக்குவதுபோல் எதையும் செய்யவே முடியாது.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்களுடைய அந்தப் பத்து மணி, மூன்று வாரத்துக்கு முன்னால் வரை என்னுடையது. எட்டு மாதம் நான் வைத்திருந்தது. முதலில் வாரம் இரண்டு தடவை, அப்புறம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. திடீரென்று ஒரு நாள் டாக்டர், “அங்கிள், இடுப்பு சூப்பரா இருக்கு. இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும். வண்டிய சர்வீஸ் விடுவோம்லா, அதுமாதிரி” என்கிறார்.

“டாக்டர், இன்னும் வலிக்குதுங்க” என்றேன்.

“எங்க, இங்கயா?”

“அங்கதானுங்க! ஐயோ!”

“நான் இன்னும் தொடவே இல்ல அங்கிள்.”

இது நியாயமா? வலி என்னுடையது. இருக்கிறதா இல்லையா என்று அவர் சொல்கிறார். போன சனிக்கிழமை வந்தேன், அந்த மோகனப்பிரியா, “பேர் லிஸ்ட்ல இல்ல, பதினொன்றரைக்கு மேல காலியிருந்தாப் பாக்கறேன் தாத்தா” என்றாள். தாத்தாவாம்! இன்றைக்கும் அதே பதில். கேன் மட்டும் நான் தூக்க வேண்டும்.

பதினொன்றரை எனக்கு எதற்கு? எனக்குப் பத்து மணிதான் வேண்டும். காரணம் கேட்கிறீர்கள். உள்ளே ஒரே அறையில் இரண்டு மேசை. நடுவே ஒரு துணித் திரை, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி. பத்து மணிக்குப் பக்கத்து மேசையில் ஓர் ஆள் படுப்பார். அதோ, வாசலில் செருப்புத் தட்டைப் பாருங்கள். கட்டைவிரல் வளையம் தேய்ந்த தோல் செருப்பு. முன்னாடியே வந்து உள்ளே ஒத்தடத்தில் இருக்கிறார். அவன் என் மச்சினன். அர்த்தநாரி. என் வீட்டுக்காரி பாவாயிக்குத் தம்பி. என்னோடு இருபத்திரண்டு வருடமும் அதே ரிக் வண்டியில் இருந்தவன்.

ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் ஒன்றுமே இல்லை தம்பி. என் மகள் கோமதி கல்யாணம். மண்டப வாசலில் இருபதடிக்கு ஃபிளெக்ஸ். தாய்மாமன் படம் வலது மூலையில் வர வேண்டும். வந்தது எங்கள் ரிக் வண்டி. மாலை போட்டு, முகப்பு விளக்கு எரிகிறது. ஃபிளெக்ஸ்காரன் செய்த தப்பு. இடம் பத்தவில்லை, ஒன்றை எடுத்தால்தான் எழுத்து பெரிதாக வரும் என்று போன் பண்ணினான். எதையாவது எடுத்துக்கொள் என்றேன். எதை எடுக்க என்றான். வண்டி எனக்குச் சாமி மாதிரி என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவனாக ஒன்றைப் புரிந்துகொண்டால் அதற்கு நான் பொறுப்பா? சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம்.

இவன் பதினொரு தட்டுச் சீரோடு வந்தான். ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தான். கையில் இருந்த தட்டை அந்த வண்டிப் படத்துக்கு முன்னால் தரையில் வைத்தான். “மச்சான், தாய்மாமன் செய்யறத உங்க வண்டியவே செய்யச் சொல்லுங்க” என்றான். திரும்பிப் போய்விட்டான். முந்நூறு பேர் முன்னால். கோபம் யாருக்கு வர வேண்டும்? எனக்குத்தானே?

ஒன்பது வருடம் கழித்து இந்த மேசையில் குப்புறப் படுத்து ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், திரைக்கு அடியில் ஒரு பாதம் வருகிறது. இடது கால், இரண்டாவது விரலில் நகம் இல்லை. பிலாஸ்பூரில் கேசிங் பைப் விழுந்து போன நகம். பைப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது யார் என்பதெல்லாம் இப்போது எதற்கு? எண்ணெய்க் கை, வழுக்கும். ஆஸ்பத்திரிக்கு அவனைத் தோளில் போட்டு ஆறு கிலோமீட்டர் நடந்தவன் யார், அதைக் கேளுங்கள். பதினாறு என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

நான் பேசவில்லை. முதலில் பேசுகிறவன் தோற்றவன். டாக்டரிடம்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக: “சில பேருக்கு இடுப்பு வளைஞ்சாலும் கழுத்து வளையாதுங்க டாக்டர்.”

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதுவும் டாக்டரிடம்தான்: “ஏனுங்க டாக்டர், மனுசனுக்கும் வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணுக்கு வைத்தியம் இருக்குதுங்களா?”

“கண்ணுக்கு, மேல ரெண்டாவது மாடியில பாக்காங்க அங்கிள்” என்றார் டாக்டர். பாவம், படித்த பையன்.

அப்படித்தான் ஆரம்பம். முகம் தெரியாமல், ஓட்டைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு, வேறு ஒருவரிடம் சொல்வது பேச்சில் சேராது. நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். நான் போனது வைத்தியத்துக்கு. அவன் பேச்சு காதில் விழுந்தது, அவ்வளவுதான். காதையா மூடிக்கொள்ள முடியும்?

வீட்டுக்குப் போனதும் பாவாயியிடம், தேய்ந்த செருப்பு ஒன்றைப் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை நான் திரும்பியதும் வாசலுக்கே வந்து, “டாக்டர் என்ன சொன்னாரு?” என்றாள். எட்டு மாதத்தில் என் இடுப்பைப் பற்றி அவள் ஒரு நாள் கேட்டதில்லை. “டாக்டர் இளைச்சிருக்காரா?” என்பாள். “சக்கரை எவ்வளவாம் டாக்டருக்கு?” என்பாள். முப்பத்தைந்து வயதுப் பையனுக்கு ஏது சக்கரை? ஆனாலும் அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் நூற்றெண்பது என்று சொல்லியிருந்தது, நானும் நூற்றெண்பதாம் என்றேன். “சோத்தக் கொறைக்கச் சொல்லுங்க டாக்டர” என்றாள்.

அடுத்த வாரம் மேசையில் படுத்துக்கொண்டு, “டாக்டர், சோத்தக் கொறைச்சுக்கோங்க” என்றேன்.

“நான் டயட்லதான் இருக்கேன் அங்கிள்” என்று டாக்டர் பதறிப்போனார்.

அதற்கடுத்த வாரம் அந்தப் பக்கத்திலிருந்து: “டாக்டர், இப்பெல்லாம் பொழுதுபோனா ராகிக் களிதானுங்க திங்கறேன்.” பாவாயியிடம் சொன்னேன். அன்றைக்கு அவள் எனக்கும் களி கிண்டினாள்.

பிறகு டாக்டருக்கென்று ஒரு டப்பா கொடுத்தனுப்ப ஆரம்பித்தாள். கச்சாயம். பச்சரிசியும் வெல்லமும் அரைத்துச் சுட்டது, அவளுக்கென்று ஒரு பக்குவம், ஓரம் மட்டும் முறுகலாக. சக்கரைக்காரனுக்காக வெல்லம் பாதி. நான் டப்பாவை இரண்டு மேசைக்கும் நடுவே இருக்கிற ஸ்டூலில் வைப்பேன். நாங்கள் இரண்டு பேரும் குப்புறக் கிடப்போம். டாக்டர் நின்றுகொண்டு மொத்தத்தையும் தின்பார். “சூப்பர் அங்கிள், ஆனா ஸ்வீட் கொஞ்சம் கம்மி” என்பார். அந்த டாக்டர் நாலு கிலோ ஏறியிருப்பது யாரால் என்று நினைக்கிறீர்கள்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், மணி ஆகிறது.

கோமதிக்கு ஒரு பெண். மிதுலா. ஏழு வயது. இன்னும் காது குத்தவில்லை. கோமதிக்குக் கூடப் பிறந்தவன் யாருமில்லை. அதனால் பிள்ளையை மடியில் வைக்கிற உரிமை அவளுடைய மாமனுக்குத்தான் என்று பாவாயி சொல்லிவிட்டாள். “எந்தம்பி மடியில உக்கார வெச்சுக் குத்தறதா இருந்தாக் குத்துங்க. இல்லீன்னா அந்தக் காது அப்படியே இருக்கட்டும். நீங்க அறுத்தது, நீங்களே முடி போடுங்க.” வேறு ஆளா இல்லை என்றேன். உங்க வண்டி மடியில உக்கார வையுங்க என்றாள். அக்காளும் தம்பியும் ஒரே அச்சு.

பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்கிறார்களாம். அது என்ன செய்கிறது தெரியுமா? பாவாயியின் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இரண்டு காது மடலிலும் ஒட்டிக்கொண்டு போகிறது. வேர்த்தால் ஒன்று விழுந்துவிடும். ஒற்றைப் பொட்டோடு வீட்டுக்கு வரும். வந்து என்னைத்தான் கேட்கும், “அப்புச்சி, எனக்கு எப்ப?” என்று. என்னிடம் எதற்குக் கேட்க வேண்டும்? நான் என்ன செய்தேன்?

கண்ணில் ஏதோ தூசி. ஃபேன்தான்.

கடைசியாகப் படுத்த சனிக்கிழமை, நான் இறங்கி வந்தேன் தம்பி. நான்! மேசையில் கிடந்துகொண்டு, “டாக்டர், குலசாமி கோயில்ல பேத்திக்குக் காதுகுத்து வெச்சிருக்கறமுங்க. வரவேண்டியவங்க வந்தாச் சந்தோசமுங்க” என்றேன். சொல்லிவிட்டுத் திரைக்கு அடியில் பார்க்கிறேன். அந்த நகமில்லாத விரல் அசையவே இல்லை. பிறகு ஓர் இருமல். எனக்குத் தெரியும் அந்த இருமல். வாயைத் திறக்கப் போகிறான். இருபத்திரண்டு வருடம் ஒரே கேபினில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாதா?

அதற்குள் இந்த டாக்டர், “ஐயோ அங்கிள், கண்டிப்பா வருவேன்! என்னைக்கு? ஒய்ஃபையும் கூட்டிட்டு வரட்டா?” என்று என் கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு. டொக்! நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்தப் பாதம் செருப்பைத் தேடிப் போய்விட்டது. டாக்டரைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ. அதே நிமிடம்தான் டாக்டர், சந்தோஷத்தில், உங்கள் இடுப்பு சரியாகிவிட்டது என்று என் பத்து மணியைப் பிடுங்கினார். கூப்பிட்டதற்குக் கைம்மாறு!

காதுகுத்து வருகிற வியாழக்கிழமை. இன்றைக்குச் சனிக்கிழமை. உள்ளே செருப்புக்காரன் இருபது நிமிடத்தில் எழுந்து, மகன் பைக்கில் ஏறிப் போய்விடுவான். இப்போது புரிகிறதா எனக்கு ஏன் பத்து மணி வேண்டும் என்று? இடுப்பு வலிக்காகத்தான். வலி பத்து மணிக்குத்தான் வருகிறது.

போகிறபோது வாசலில் நிறுத்திப் பேசலாமே என்கிறீர்கள். முகத்துக்கு நேராகவா? அது பேச்சாகிவிடும் தம்பி! அவன் என்னைவிட ஆறு வயது சின்னவன்.

அதனால் கேட்கிறேன், உங்கள் நேரத்தை எனக்கு விட்டுக்கொடுங்கள். பதினொன்றரையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாதா? பதினோரு மணிக்கு மீட்டிங்கா? பவானிக்காரரைப் பற்றி இவ்வளவு சொல்லியும் பயமே வரவில்லையா உங்களுக்கு? என்ன ஆளப்பா நீங்கள்!

“பிரசன்னா... பத்து மணி... பிரசன்னா யாருங்க, உள்ள வாங்க.”

கூப்பிட்டுவிட்டாள். உட்காருங்கள். போகலாம், ஒரு நிமிடம்தான். சரி, நீங்களே போங்கள். பயப்பட ஒன்றுமில்லை, பதினைந்து நிமிடம், எழுந்தால் கழுத்து பூப்போல இருக்கும், நல்ல பையன் அந்த டாக்டர். கடிகாரம் கதையை மட்டும் போய்க் கேட்காதீர்கள், பேக்கரிக்காரன் என்மேல் கோபமாக இருக்கிறான்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். குப்புறப் படுங்கள். திரைக்கு அடியில் பாருங்கள், நகமில்லாத விரல். அதைப் பார்த்ததும் டாக்டரிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொல்லுங்கள்: “டாக்டர், வர்ற வியாழக்கிழமை, காலையில ஆறரைக்கு, குலசாமி கோயில்ல ஒரு புள்ளைக்குக் காது குத்தறாங்க. எல்லாம் தயாரா இருக்குது. மடி மட்டும் இல்ல.” டாக்டர் நானும் வருகிறேன் என்று குதிப்பார். விடாதீர்கள். “நீங்க வந்து சாப்பிடுங்க டாக்டர், மடி வேற ஆளோடது” என்று சொல்லிவிடுங்கள். எங்கே, ஒரு தடவை சொல்லிக்காட்டுங்கள். ம். “மடி” என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். போதும்.

அப்புறம் இந்த டப்பா. ஸ்டூலில் வைத்தால் டாக்டர் தின்றுவிடுவார். படுப்பதற்கு முன்னாலேயே திரைக்கு அடியில் காலால் மெல்லத் தள்ளிவிடுங்கள். சூடாக இருக்கிறது, பாவாயி காலையில்தான் சுட்டாள். பாதி வெல்லம்.

நான் இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். அவன் வெளியே வரும்போது பேப்பரால் முகத்தை மறைத்துக்கொள்வேன். யார் சொல்லி அனுப்பியது என்று உள்ளே கேட்பார்கள். கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள் தம்பி. டப்பா யார் கொடுத்தது என்றால் வழியில் கிடந்தது என்று சொல்லுங்கள். நான் சொன்னதாக மட்டும், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும், ஒரு ஆள்கிட்டேயும் சொல்லிவிடாதீர்கள்.